யார் வேண்டுமானாலும் திருத்தலாம்

தப்பு என்று யாராவது சுட்டிக்காட்டினால் முகம் மலர்கிற ஆள் என்று என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா.

அந்தத் தாமான் குடியிருப்பில் வரிசை வீடு ஒன்றுக்கு நான் வாடகைக்குக் குடிபோன அன்று சாயங்காலமே, வேலிக்கு மேலே ஒரு தட்டு கறிபாப் நீட்டினார். கூடவே யாருடைய பெயரையோ சொல்லி என்னைக் கூப்பிட்டார். வீட்டை வாடகைக்கு விட்டவர் அவரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாராம். கறிபாப் சூடாக இருந்தது, உள்ளே கிழங்கு பக்குவமாக வெந்திருந்தது. அந்த நேரத்தில் போய்ப் பெயர் சரியில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சில நாள் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன்.

"நல்ல வேளை, சொன்னீங்க தம்பி," என்றார். "இல்லாட்டி நான் பாட்டுக்கு வருஷக்கணக்கா வேற யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

அதோடு விட்டாரா? அந்த வரிசையில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் என்னை அழைத்துப்போய், "நான் தப்பா சொல்லிட்டேன், இவர் பேரு இதுதான்" என்று அறிவித்தார். சீட்டு விழுந்தவர் முகத்தில் இருக்குமே, அப்படி ஒரு சந்தோஷம். பின்னால் கொஞ்சம் கூச்சத்தோடு நான் நின்றேன்.

என் சுபாவம் நேர் எதிர். நான் சிங்கப்பூரில் மென்பொருள் எழுதுகிறவன். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய்வருகிறேன். நான் எழுதியதில் ஒரு பிழை என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அன்று மதியச் சோறு இறங்காது. முதலில் இது வேறு யாருடைய பிழையாக இருக்கக்கூடும் என்று தேடுவேன். அதனால் அக்காவைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவர் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தார். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அவர்களுடைய கல்யாண நாள் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று வாசகம் வாசிக்க அக்கா முன்னால் போனார். நல்ல கணீரென்ற குரல். பாதி வாசித்த பிறகு பாடகர் குழுவிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்து காதில் ஏதோ சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டியதை அக்கா அன்றைக்கே வாசித்துக்கொண்டிருந்தாராம். ஒலிபெருக்கி வழியாகக் கோயில் முழுக்கக் கேட்டது: "நல்ல வேளை, சொன்னீங்க." சாமியார்கூடச் சிரித்துவிட்டார். அக்கா பக்கத்தைப் புரட்டி, சரியானதை முதலிலிருந்து வாசித்தார்.

அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மூவாரில் பிறந்தவர். அங்கே இருக்கும் நாற்காலி மேசைத் தொழிற்சாலைகளிலிருந்து ஜொகூர் பாருக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் லோரி ஓட்டினார். அவர் தப்பே செய்ததில்லை. வழி தவறிப் போனாலும், "ரோட்ட மாத்திட்டானுங்க" என்பார். கறியில் உப்புக் கூடினால் உப்பின் தரம் இப்போது சரியில்லை. எப்போதும் தப்பு செய்து மகிழ்கிறவரையும் தப்பே செய்யாதவரையும் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவர் கைராசிக்காரராகத்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டில் சண்டை சத்தம் நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. அதன் பெயர் 'எங்கே கிடைக்கும்'. மகள் கல்யாணத்துக்காக ஜொகூர் முழுக்கச் சாமான் தேடி அலைந்தபோது, தான் பட்ட பாடு இன்னொருவர் படக்கூடாது என்று தொடங்கினாராம். பெரிய அண்டா எங்கே வாடகைக்குக் கிடைக்கும், கிரைண்டர் கல்லைக் கொத்திக் கொடுப்பவர் எங்கே இருக்கிறார், ஒரே நாளில் ரவிக்கை தைத்துத் தருபவர் யார், தீபாவளி நெருக்கத்திலும் மல்லிகைச் சரம் நியாயமான விலைக்கு எங்கே. இந்துக்கள் வீட்டு விசேஷத்துக்கு வேண்டியவையும் அதில் எல்லாம் இருக்கும். ஜொகூரில் தமிழ் வீடுகளில் கல்யாணமோ கருமாதியோ வந்தால் முதலில் அந்தத் தளத்தைத்தான் திறப்பார்கள்.

கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் தானாகவே கற்றுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதி ஏற்றியிருந்தார். ரோஸ் நிறப் பின்னணி, மஞ்சள் எழுத்து. மேலே 'தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். கிறிஸ்துமஸ் அன்றும் ஓடும். அதை எப்படி நிறுத்துவது என்று மறந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு புதுப் பக்கம் சேர்த்தால், மற்ற எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மேலே இருக்கும் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். முறுக்கு பிழிவதுபோல அதை ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து செய்வார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'திருத்திச் சொன்னவர்கள்' என்று ஒரு பகுதி. தப்பைச் சொன்னவர், அவர் ஊர், அவர் சொன்னது என்ன. சில பக்கங்களில் விஷயத்தைவிட அதுதான் நீளம். அருகம்புல் பக்கம் எனக்குப் பிடித்தமானது. பிள்ளையார் சதுர்த்தி வருகிறதே என்று அக்கா பள்ளித் திடலில் ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். கூலாய் கோயில் ஐயர் வீட்டு அம்மா கூப்பிட்டு, மனசு நோகாமல், அது மாடு தின்கிற புல் என்று சொல்லியிருக்கிறார். அக்கா அந்தப் படத்தை எடுக்கவே இல்லை. கீழே, 'இது அருகம்புல் இல்லை. நான் ஏமாந்தேன். நீங்கள் ஏமாறாதீர்கள்' என்று எழுதி, சரியான புல்லின் படத்தையும் பக்கத்தில் வைத்தார். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்கச் சிரித்தார்.

அவர் சிரிக்காத ஒரு தப்பும் உண்டு.

மெர்சிங்கிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்காக வாழைமரம் தேடியிருக்கிறார். குலை தள்ளிய மரம், மண்டப வாசலில் கட்ட. யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடைக்கும் என்று அக்காவின் தளத்தில் பார்த்து, கல்யாணத்துக்கு முதல்நாள் வேனை எடுத்துக்கொண்டு குளுவாங் வழியாக அவ்வளவு தூரம் வந்துவிட்டார். வந்து பார்த்தால் வாழை ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று. தோட்டக்காரர் எப்போதோ மாற்றிவிட்டார். தளத்தில் இருந்த அக்காவின் எண்ணுக்கு அங்கிருந்தே கூப்பிட்டார். அவர் கோபப்படவே இல்லை என்பதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"பரவால்லம்மா. உங்கள குத்தம் சொல்லக் கூப்பிடல. இன்னொருத்தர் வந்து ஏமாறக் கூடாது பாருங்க, அதான்," என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கும் அக்கா "நல்ல வேளை, சொன்னீங்க" என்றுதான் சொன்னார். ஆனால் முகம் மலரவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அவசரத்தில் எங்கேயும் மரம் கிடைக்கவில்லை. மண்டபத்தில் பிளாஸ்டிக் மரம் கட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது. அக்கா அந்த மனிதரை மறுபடி மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் போதும் போதும் என்று சொன்ன பிறகும் கேட்டார். "அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் கல்யாண போட்டோவுல பிளாஸ்டிக் மரத்த பார்க்கணுமே தம்பி," என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் நிறைந்திருந்தது. வாழைமரப் பக்கத்தில் இருந்ததை அழித்துவிட்டு, 'இப்போது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை' என்று ஒரே வரி எழுதினார்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். தளத்தில் எழுதியிருக்கும் கடைகள் திறந்திருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவருவார். ஒரு வாரம் பொந்தியான், ஒரு வாரம் பத்து பஹாட். அப்படியே பாதி ஜொகூரைச் சுற்றினார்.

இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மெல்பர்னில் இருக்கும் மகள் கர்ப்பமாக இருக்கிறாள், பேறுகாலத்துக்கு அம்மா வந்து சில மாதங்கள் இருக்க வேண்டும். அக்கா வீடே குதித்தது. அடுத்த செய்தி, தளத்தை இலவசமாக வைத்திருந்த நிறுவனம் கடையைக் கட்டப் போகிறது, பக்கங்களை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று அறிவிப்பு.

நான் மார்தட்டிக்கொண்டு போய் நின்றேன். எல்லாவற்றையும் விக்கியாக மாற்றித் தருகிறேன் என்றேன். விக்கி என்றால் யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திறந்து 'திருத்து' என்ற பொத்தானை அழுத்தி எழுதலாம். பட்டியலைக் கையால் சேர்க்க வேண்டியதில்லை. தேடும் வசதி உண்டு. கைத்தொலைபேசியிலும் அழகாகத் தெரியும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா மரியாதைக்குத் தலையாட்டினார். யார் எப்போது எதை மாற்றினார்கள், முன்னால் என்ன இருந்தது என்பதெல்லாம் 'வரலாறு' என்ற இடத்தில் தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும் என்று நான் சொன்னபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் செஞ்ச தப்பெல்லாம் அப்படியே இருக்குமா?"

"ஒண்ணு விடாம இருக்கும்க்கா."

"யார் சரி பண்ணாங்கன்னும் இருக்குமா? அப்போ இது கோத்தோங் ரோயோங் மாதிரி தம்பி. ஆளுக்கொரு தொடப்பம் எடுத்துட்டு வர்றாங்க."

தாமானில் எல்லாரும் சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்வதை அப்படித்தான் சொல்வோம். நான் அவ்வளவு நேரம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மாற்றுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு நிரல் எழுதிவிட்டால் அது ஒரே மூச்சில் எல்லாப் பக்கங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தார். அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் ஒரு ரோஜாப்பூப் படம். ஒரு பக்கத்தில் எழுத்து நடுவில் இருக்க வேண்டும் என்பதற்காக முன்னால் வெற்றிடங்களாகத் தட்டி நிரப்பியிருந்தார். என் நிரல் அதைப் பார்த்துவிட்டு மூச்சே விடவில்லை. கடைசியில் நானும் அக்காவுமாக உட்கார்ந்து கையால்தான் பெயர்த்தோம். ரோஸ் நிறத்தையும் மஞ்சள் எழுத்தையும் அவர் தயங்காமல் விட்டுக்கொடுத்தார். ஓடும் தீபாவளி வாழ்த்து நின்றபோது மட்டும், "பாவம், களைச்சிருக்கும்" என்றார். 'திருத்திச் சொன்னவர்கள்' பகுதியில் ஒரு பெயரைக்கூட விடக்கூடாது என்று கறாராக இருந்தார்.

அப்போதுதான் தன் மனதில் இருந்ததையும் சொன்னார்: நான் போவதற்குள் ஜனங்கள் தாங்களாகத் திருத்தத் தொடங்கிவிட வேண்டும். தொடங்காவிட்டால் நீங்கள் இந்தத் தளத்தை மொத்தமாக எடுத்துவிடுங்கள். மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு பத்து பஹாட்டில் கடை திறந்திருக்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பேன்? இன்னொரு மெர்சிங்காரர் ஏமாறுவதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது மேல் என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததால் சரி என்றேன்.

விக்கி திறந்தோம். முகப்பில் 'யார் வேண்டுமானாலும் திருத்தலாம்' என்று பெரிதாகப் போட்டோம். வாட்ஸ்அப் குழுக்களில் அக்கா செய்தி அனுப்பினார். வாழ்த்துகள் குவிந்தன. பூங்கொத்துப் படங்கள், கும்பிடும் கைகள், 'அருமை அக்கா'. ஆனால் பொத்தானை ஒருவரும் தொடவில்லை.

திருத்தங்கள் வராமல் இல்லை. பழையபடி அக்காவின் தொலைபேசிக்குக் குரல் பதிவுகளாக வந்தன. எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்கும், "அக்கா, தப்பா நினைக்காதீங்க." பொத்தான் இருக்கிறதே, நீங்களே மாற்றலாமே என்று அக்கா கேட்டால், "அலாமாக், நீங்க எழுதுனத நாங்க எப்படிக்கா அழிக்கிறது?" என்று பதறினார்கள். பெரியவர்கள் எழுதியதன்மேல் கைவைப்பது, அவர்கள் சாப்பிடும் தட்டில் கைவைப்பதுபோல அவர்களுக்கு. செகாமாட்டிலிருந்து ஒருவர் ஒரு படி மேலே போனார். பொத்தானை அழுத்தி, பக்கத்தின் கடைசியில், 'அக்கா வணக்கம். மேலே இருக்கும் எண் பழசு. புது எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நேரம் இருக்கும்போது பார்த்து மாற்றவும். அவசரமில்லை' என்று எழுதிச் சேமித்துவிட்டுப் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் அன்று சாயங்காலம் பயணப் பெட்டிகளை வெளியே எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

"கோத்தோங் ரோயோங்குக்கு எல்லாரும் வந்துட்டாங்க தம்பி," என்றார். "மீ கோரேங் தின்னுட்டு ஓரமா நிக்கிறாங்க. எவனாச்சும் ஒருத்தன் முதல்ல குனியணும்."

முதலில், முகப்பில் நான் போட்டிருந்த தன் பெயரை எடுக்கச் சொன்னார். தன் பெயர் இருக்கும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள் என்றார். எடுத்தேன். பின்னால் நானே ஆசைப்பட்டு இரண்டொரு தடவை அதைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது காணாமல் போய்விடும். இங்கேயும் அவர் பெயரை எழுதாததற்கு அதுதான் காரணம்.

பெயரை எடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பயணத்துக்கு முந்திய வாரம் அக்கா ஒரு காரியம் செய்தார். மூவார்ப் பக்கத்தைத் திறந்து, மீ பண்டோங் எங்கே நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தார்: 'மூவார் மீ பண்டோங் உண்மையில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே சாப்பிட்டால்தான் அசல் ருசி.'

இறால் கருவாடு மணக்கும் குழம்பில் மிதக்கும் அந்த நூடுல்ஸ், மூவார்க்காரர்களுக்குச் சொத்து மாதிரி. சிங்கப்பூரில் சம்பளம் வாங்கும் எனக்கே அதைப் படித்ததும் கை துறுதுறுத்தது. அக்கா என்னைத் தடுத்தார். இந்தப் பொய்யை நம்பி எவரும் காருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு கிளம்பமாட்டார்கள், அதனால் பாவமில்லை என்று தானே கணக்குப் போட்டுவைத்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அந்த வரி காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில், 'இது பச்சைப் பொய். எழுதியவர் மூவார்ப் பக்கமே வந்திருக்க மாட்டார். மீ பண்டோங் மூவாருடையது. மார்க்கெட் பின்னால் கடை இருக்கிறது. லோரி நிறுத்த இடம் இல்லை' என்று இருந்தது.

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உலகத்தில் நாற்காலி ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் லோரி நிறுத்துவதைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் வேறு யார்? அண்ணனிடம் யாரோ தேநீர்க் கடையில் அந்த வரியைக் காட்டியிருக்கிறார்கள். 'வரலாறு' பக்கமெல்லாம் போய்ப் பார்க்கிறவர் இல்லை, அதனால் எழுதியது தன் சம்சாரம் என்று அவருக்குத் தெரியாது. தான் எழுதியதில் தப்பு இருக்கும் என்று ஒருநாளும் நம்பாத மனிதர், அடுத்தவர் தப்பைக் கண்டால் சும்மா இருப்பாரா?

"எனக்குத் தெரியும் தம்பி, அவர்தான் முதல்ல குனிவாருன்னு," என்றார் அக்கா.

ஒருவர் குனிந்ததும் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அண்ணன் சொன்ன கடையைவிட ஆற்றோரக் கடைதான் மேல் என்று ஒருவர் மாற்றினார். முட்டை போடாவிட்டால் அது மீ பண்டோங்கே இல்லை என்று இன்னொருவர் சேர்த்தார். இரண்டும் இல்லை, தன் மாமியார் வைப்பதுதான் என்று மூன்றாமவர் எழுத, நாலாமவர் அதை அழித்தார். மதியத்துக்குள் அந்தப் பக்கம் சந்தைக்கடை ஆகிவிட்டது. பொத்தானை ஒருமுறை அழுத்திப் பழகிய விரல்கள் மற்ற பக்கங்களுக்கும் போயின. செகாமாட்காரர் தானே வந்து எண்ணை மாற்றினார், மன்னிப்புக் கேட்காமல். யாரோ ஒருவர் மல்லிகைக் கடை இப்போது அடுத்த தெருவில் இருக்கிறது என்று திருத்தினார். அக்கா கைத்தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்தையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவர் வீட்டுக்குள் நுழைய எனக்கு அந்த நாட்களில் கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு திருவிழா.

அந்த வாரத்தில் இன்னொரு திருத்தமும் வந்தது. அண்டா வாடகைக்குக் கிடைக்கும் கடைக்கு வழி, 'சமிக்ஞை விளக்கைத் தாண்டி இடது' என்று பல வருடமாக இருந்தது. அண்ணன் சொன்ன வழி. இடதில் போனால் ஒரு வாகனக் கழுவுமிடம்தான் வரும். எத்தனையோ பேர் போய்த் திரும்பியிருக்கிறார்கள். கேட்டால் ரோட்டை மாற்றிவிட்டதாக அண்ணன் சொல்வார். அது இப்போது 'வலது' என்று மாறியிருந்தது. கீழே, 'லோரி போகாது' என்று இருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். ஊரில் எல்லாரிடமும் சொல்லும் அந்த வார்த்தையை அவர் அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் செனாங்கின் மீன் வாங்கிப் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். அண்ணனுக்கு அதுதான் உயிர். அண்ணன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, உப்பு இன்றைக்குச் சரியாக இருக்கிறது என்றார்.

விமான நிலையத்துக்கு அவர்கள் இருவரையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அண்ணன் பெட்டியின் எடையைப் பற்றி அங்கே இருந்த பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார். அவர்களுடைய தராசு தப்பாம். அக்கா ஓரமாக நின்று கடைசியாக ஒருமுறை தளத்தைப் பார்த்தார். பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

வாழைமரப் பக்கம். 'இப்போது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை' என்ற வரி இல்லை. அதன் இடத்தில் இருந்தது இது: 'மெர்சிங். போன வருடம் மகள் கல்யாணத்துக்குத் தேடி அலைந்து கிடைக்காததால், வீட்டுக்குப் பின்னால் நானே வாழை வைத்தேன். இப்போது குலை தள்ளியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கேட்பவர்களுக்கு வெட்டித் தருகிறேன். தூரம் என்றால் வேனில் கொண்டுவந்தும் தருவேன். முன்கூட்டியே சொல்லிவிடவும்.' கீழே அவர் எண்.

"எடுத்துடாதீங்க தம்பி," என்றார் அக்கா, அழுதுகொண்டே சிரித்தபடி. "இது இருக்கட்டும்."

சில மாதங்களுக்கு என்று போனவர்கள், இரண்டாவது பேரப்பிள்ளையும் வந்ததும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இப்போது வேறு குடும்பம். அவர்களும் நல்லவர்கள்தான், ஆனால் கறிபாப் வருவதில்லை. தளம் நடந்துகொண்டிருக்கிறது. நான் அதன் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதோடு சரி. உள்ளே எழுதுகிறவர்கள் யார் யாரோ.

போன வருடம் எனக்குக் கல்யாணம். வாழைமரத்துக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டேன். நான் இன்னார் என்று சொல்லவில்லை. காலையில் மண்டப வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நரைத்த மீசையோடு ஒருவர் இறங்கி, எங்கள் ஆட்கள் கைவைக்க விடாமல் தானே இரண்டு மரத்தையும் தூணோடு சேர்த்துக் கட்டினார். குலை கனத்துத் தொங்கியது. நான் பட்டுவேட்டியோடு நின்று, மெல்பர்னுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா வாசலைக் காட்டச் சொன்னார். மரத்தைக் காட்டினேன். பிறகு அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் கையில் தொலைபேசியைக் கொடுத்து, யார் என்று சொன்னேன். அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார். உங்கள் மகள் அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவாள், அந்தப் பிளாஸ்டிக் மரத்தை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போக, மெர்சிங்காரர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"எந்தப் போட்டோம்மா?" என்றார். "வாசல்ல எடுத்த படத்துல என் சம்பந்தியும் அவர் தம்பிங்களும் மறைச்சிக்கிட்டு நிக்கிறாங்க. மரமே தெரியல. என் மகளுக்கு அங்க மரம் கட்டினது பிளாஸ்டிக்கா நெசமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

திரையில் அக்காவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல், நான் அப்பவே சொன்னேனே என்றது. பிறகு அக்காவின் முகம், என் பெயரை நான் திருத்திச் சொன்ன அன்று வேலிக்கு அந்தப் பக்கம் மலர்ந்ததே, அதேபோல மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நல்ல வேளை, சொன்னீங்க," என்றார்.